கடைசிப் பக்கத்தில் ஒழுங்காகச் சாகாதவர்கள்

ஏசுபாதம் பிரதருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. புத்தகம் தேர்ந்தெடுக்கிற பழக்கம் மட்டும்தான் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை என்பதை, எப்சி அவருடைய சேலையூர் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள்.

தாம்பரத்தைச் சுற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்துகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்களை ஒன்று சேர்த்து, இல்லக் கல்வி ஐக்கியம் என்று பெயர் வைத்து, அதற்குத் தன்னைத் தானே தலைவராக்கிக்கொண்டவர் ஏசுபாதம். தொழில், கூடுவாஞ்சேரியில் மனை விற்பது. அவர் பிரித்துப் போட்ட லே-அவுட்டுக்கு, பைபிளில் கடவுள் வாக்களித்த தேசத்தின் பெயரால், கானான் நகர் என்று பெயர். பாலும் தேனும் ஓடுமென்று நோட்டீஸ் அடித்தார். மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குச் சாக்கடைதான் ஓடியது. அந்த மனிதர்தான் பிள்ளைகள் எந்தச் சரித்திரத்தைப் படிக்கலாம், யாருடைய வாழ்க்கை வரலாற்றைத் தொடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

எப்சியின் புருஷன் தேவானந்தம் வங்கியில் வேலை பார்ப்பவன். கணக்கில் புலி, மற்றதில் பூனை. ஏசுபாதம் போட்டுக் காட்டிய ஒரு சிடியில், அமெரிக்கக் குடும்பம் ஒன்று எட்டுப் பிள்ளைகளோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே மாதிரி சிரித்ததாம். அதைப் பார்த்துவிட்டு வந்து, மகள் கெசியாவை ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்த வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டால், ஆண்டவர் மனதில் ஏவிவிட்டார், பாரம் வந்துவிட்டது என்றான். பாரம் வந்தது அவனுக்கு, சுமக்க வேண்டியவள் எப்சி. குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் ஒன்பது வருஷம் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். சும்மா உட்காரவில்லை, ஒரு நிபந்தனை போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"கணக்கு, சயின்ஸ், பைபிள், எதை வேணா நீங்களும் உங்க பிரதரும் முடிவு பண்ணிக்கங்க. ஹிஸ்டரி மட்டும் என் கையில. அதுல யாராவது கை வெச்சா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குத் திரும்பிப் போயிடுவேன்."

தேவானந்தம் சரி என்றான். அவன் எல்லோருக்கும் சரி என்று சொல்பவன். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் நிற்பான்.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை தோறும் எப்சியும் கெசியாவும் பல்லாவரம் சந்தைக்குப் போய், உடைந்த மிக்ஸிக்கும் பழைய சைக்கிள் டயருக்கும் நடுவில் கோணியில் கொட்டிக் கிடக்கிற புத்தகங்களைக் கிளறுவார்கள். பல்லவர்களைப் பற்றிப் படித்த வாரம், பல்லாவரம் குன்றில் அவர்கள் குடைந்த குகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐக்கியத்தில் ஏசுபாதம் எது சொன்னாலும் "ஆமா பிரதர்" போடுகிற எலியேசர் என்று ஒருவர் உண்டு. கானான் நகரில் முதல் மனை வாங்கியவர், அதனால் வேறு வழியில்லை. அவர் பிள்ளைகளிடம் பல்லவன் யாரென்று கேட்டால், காரைக்குடி போகிற எக்ஸ்பிரஸ் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் முதல் முதலாகக் குடியேறியவர்கள் எந்தப் பறவையைச் சுட்டுச் சாப்பிட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சபை கழித்துப்போட்ட புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தது. அதுதான் அவர்களுக்குச் சரித்திரம்.

கெசியா அந்தப் பிள்ளைகளுக்கு மகேந்திரவர்மனைப் பற்றிச் சொல்லிவைக்க, எலியேசர் போய் ஏசுபாதத்திடம் வத்தி வைத்தார். உடனே உத்தரவு வந்தது. எல்லா வீட்டுச் சரித்திரப் புத்தகங்களும் வாழ்க்கை வரலாறுகளும் சனிக்கிழமை காலை ஏசுபாதம் வீட்டுக்கு வர வேண்டும். அவர் சோதித்து, தேறியவற்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். தேறாதவை அவர் பீரோவுக்குள் போகும்.

எப்சி போகமாட்டேன் என்றாள். "சும்மா பாக்கட்டும் எப்சி, பார்த்தா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று தேவானந்தம் புத்தகங்களை அவனே பையில் போட்டு எடுத்துக்கொண்டான். எதை எடுப்பான், எதை விடுவான் என்று தெரியாமல் அவளும் கூடப் போனாள்.

ஏசுபாதத்தின் சோதனை ரொம்ப எளிமையானது. புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார். பின்னட்டையைத் திறப்பார். கடைசிப் பக்கத்தைப் படிப்பார். அந்த மனிதரோ மனுஷியோ உதட்டில் ஆண்டவர் பெயரோடு, முகத்தில் பிரகாசத்தோடு, சுற்றி நின்றவர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்திருந்தால் புத்தகம் தேறிவிட்டது. இல்லையென்றால் இல்லை. சரித்திரப் புத்தகத்துக்கும் அதே முறைதான். சோழர் வரலாறு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கோயில் கல்வெட்டுப் படம் இருந்தது. நானூறு வருஷ ஆட்சியை அவர் ஒரே நொடியில் பீரோவுக்கு அனுப்பிவிட்டார்.

"முடிவு நல்லா இருந்தா, வாழ்க்கை நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம் சிஸ்டர். முழுசாப் படிச்சு டைம் வேஸ்ட் பண்ணவே வேணாம்," என்றார்.

"ஆமா பிரதர்," என்றார் எலியேசர்.

அப்புறம் அவர் கையில் டாக்டர் ஞானப்பூ வந்தாள். எப்சி சந்தையில் கண்டெடுத்த, அட்டை கிழிந்த புத்தகம். வடாற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் தொழுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டி, நாற்பது வருஷம் அவர்களுடைய புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட பெண்ணின் கதை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊருக்குத் திரும்பவில்லை, கலெக்டரையே வாசலில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். கெசியா அதில் பாதியில் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையிலும் டாக்டர் ஞானப்பூவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு திரிந்தவளிடமிருந்து, காலையில் தேவானந்தம்தான் பிடுங்கிப் பையில் போட்டிருந்தான்.

ஏசுபாதம் கடைசிப் பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தார். டாக்டர் ஞானப்பூவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். விடியற்காலையில் கண்ணைத் திறக்கிறாள். சுற்றி நோயாளிகள் நிற்கிறார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று நர்ஸ் கேட்கிறாள்.

"'காபி இருக்குமா? சர்க்கரை கம்மியாப் போடு.'" ஏசுபாதம் படிப்பதை அங்கேயே நிறுத்திப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "நித்தியத்துக்குப் போற நேரத்துல காபி! இதையா சிஸ்டர் நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்குறது?"

"நாப்பது வருஷம் அவங்க செஞ்சதெல்லாம் அதுக்கு முன்னாடிப் பக்கங்கள்ல இருக்கு பிரதர்," என்றாள் எப்சி.

"செய்யலாம் சிஸ்டர். எல்லாரும்தான் செய்றாங்க. முடிவுன்னு ஒண்ணு இருக்கே."

டாக்டர் ஞானப்பூ பீரோவுக்குள் போனாள். அடுத்து அவர் தன் புத்தகப் பெட்டியிலிருந்து எடுத்தது, 'தூக்குமேடையில் ஒரு ஸ்தோத்திரம்' என்ற மொழிபெயர்ப்பு நூல். லண்டனில் பெர்க்கின்ஸ் என்று ஒரு பலே திருடன். கள்ளக் கையெழுத்துப் போடுவதில் கெட்டிக்காரன், மூன்று ஊரில் மூன்று பெண்டாட்டி. கடைசிப் பக்கத்தில் கயிற்றுக்குக் கீழே நின்று, கண்ணீர் வடித்து, கூட்டத்துக்கு அருமையான சாட்சி சொல்லிவிட்டுத் தொங்குகிறான். ஏசுபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இது பொக்கிஷம்," என்றார். முதல் பக்கத்தில், 'கர்த்தருக்குள் பிரியமான கெசியாவுக்கு, இதைப் படித்து ஆசீர்வாதம் பெறவும்' என்று எழுதி, வால் நீண்ட தன் கையெழுத்தையும் போட்டு எப்சியிடம் நீட்டினார்.

எப்சி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். தேவானந்தத்தைப் பார்த்தாள். அவன் மேலே ஓடாத ஃபேனை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான். அப்புறம் யாரும் கேட்காமலே, "இனிமே ஹிஸ்டரி புக்ஸும் பிரதரே பார்த்துக்கட்டும், எப்சி. நல்லதுதானே," என்றான்.

ஒரே ஒரு பாடத்தைத் தனக்கென்று வைத்திருந்தாள். அதையும் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான் மகராசன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற எப்சி திங்கட்கிழமையே குரோம்பேட்டைப் பள்ளிக்குப் போனாள். இடம் நிரம்பிவிட்டது, ஜூன் மாதம் வாருங்கள், உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்தே பார்க்கலாம் என்றார்கள். அதுவரை பெர்க்கின்ஸ்தான் சரித்திரம். வீட்டுக்கு வந்ததும், காபி கதையை அப்பா சொல்லிக் கேட்டிருந்த கெசியா காத்திருந்து கேட்டாள்.

"அம்மா, டாக்டருக்குக் காபி குடுத்தாங்களா?"

எப்சிக்குத் தெரியும். ஆனால் கதையின் முடிவை முன்னாடியே சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் இல்லை அவள். "படிச்சுத் தெரிஞ்சுக்கோ," என்றாள்.

"எங்கம்மா படிக்கிறது? அங்கிள் பீரோவுல இருக்கு."

எப்சி அடுப்படிக்குப் போய்விட்டாள். வேலையை விட்ட அன்றுகூட அவளுக்கு இவ்வளவு கேவலமாக இருந்ததில்லை.

கெசியா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெர்க்கின்ஸைப் படித்தாள். விழுந்து விழுந்து படித்தாள். தேவானந்தத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பார்த்தியா, நல்ல புக்கைக் குடுத்தா எப்படிப் படிக்குது!" என்று போகிற வருகிற போதெல்லாம் சொன்னான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ஏசுபாதம் காலிங்பெல்லை அழுத்திய விதத்திலேயே தெரிந்தது, மனிதர் கொதித்துப்போய் வந்திருக்கிறார் என்று. பின்னாலேயே எலியேசர். உட்காரச் சொல்வதற்குள் ஏசுபாதம் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து தேவானந்தத்திடம் நீட்டினார்.

"பிரதர், இதைப் பாருங்க. இது என் கையெழுத்தா?"

வங்கியில் கையெழுத்துச் சரிபார்ப்பதுதான் தேவானந்தத்துக்குப் பிழைப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். 'டாக்டர் புத்தகத்தை எப்சி சிஸ்டர் மகளிடம் கொடுத்தனுப்பவும்' என்று இருந்தது. கீழே வால் நீண்ட கையெழுத்து.

"உங்க கையெழுத்துதானே பிரதர்? இதுல என்ன சந்தேகம்?"

"நான் போடல! காலையில நான் சைட்டுக்குப் போனப்புறம் உங்க பொண்ணு வந்து இதைக் காட்டி, எங்க வீட்டம்மாகிட்ட பீரோவைத் திறக்கச் சொல்லி புக்கை வாங்கிட்டுப் போயிருக்கா. எங்க வீட்டம்மா முறுக்கு வேற குடுத்து அனுப்பியிருக்கா!"

"ஆமா பிரதர்," என்றார் எலியேசர்.

கெசியா உள்ளேயிருந்து வந்தாள். கையில் டாக்டர் ஞானப்பூ. மறைக்கக்கூட இல்லை. எப்சிக்குப் பயம் வந்தது. அதோடு சேர்ந்து, சொல்லக்கூடாத ஒரு பெருமையும் வந்தது. பெருமையை விழுங்கிவிட்டு மகளை முறைத்தாள்.

"யாரு கத்துக்குடுத்தா உனக்கு?" என்று தேவானந்தம் கத்தினான்.

"பெர்க்கின்ஸ்தான்ப்பா. கையெழுத்தைத் தலைகீழாத் திருப்பி வெச்சு, எழுத்துன்னு நெனைக்காம படம்னு நெனச்சு வரையணும். எழுத்துன்னு நெனச்சா நம்ம கையெழுத்து உள்ள வந்துடுமாம். மூணாவது சாப்டர் ஃபுல்லா அதுதான். அங்கிள் கையெழுத்து முதல் பக்கத்துலயே இருந்துச்சு."

ஏசுபாதத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மூன்றாவது சாப்டர் என்று ஒன்று அந்தப் புத்தகத்தில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"அது ரட்சிக்கப்பட்டவனோட சாட்சி," என்று தடுமாறினார். "கடைசியில மனந்திரும்பினான் இல்ல?"

"நானும் கடைசியில மன்னிப்புக் கேக்கலாம்னுதான் இருந்தேன் அங்கிள். புக்குல இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு," என்றாள் கெசியா. கிண்டல் பண்ணவில்லை. பன்னிரண்டு வயசுப் பெண், சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தாள்.

"சிஸ்டர், பிள்ளை வளர்க்கிற லட்சணமா இது? இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளனுக்குக்கூடக் கடைசி நேரத்துலதான் மன்னிப்பு கெடச்சுது. அதைத்தான் நாம பார்க்கணும்."

"கள்ளனை ஆண்டவர் பரலோகத்துக்குத்தான் அனுப்பினாரு பிரதர்," என்றாள் எப்சி. "பிள்ளைங்களுக்கு வாத்தியாரா அனுப்பல."

எலியேசர் "ஆமா" என்று ஆரம்பித்து, யாருக்குச் சொல்கிறோம் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

ஏசுபாதத்துக்கு வேறு பிடி தேவைப்பட்டது. சுவரைப் பார்த்தார். அங்கே தேவானந்தத்தின் அப்பா, சபையில் ஊழியம் செய்த மாணிக்கம் உபதேசியார், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். படத்துக்குக் கீழே, 'இதோ வருகிறேன் ஆண்டவரே' என்று அவருடைய கடைசி வார்த்தைகள் அச்சடித்திருந்தன. அடக்க ஆராதனையில் பாஸ்டர் அதைச் சொல்லித்தான் பிரசங்கம் செய்தார். ஐக்கியத்திலும் வருஷா வருஷம் ஏசுபாதம் அதைச் சாட்சியாகச் சொல்வார்.

"கெசியா, இங்க பாரு. உங்க தாத்தா. சாகுறதுன்னா இப்படிச் சாகணும். காபி கேட்டுச் செத்த பொம்பளைக்காகவா நீ திருட்டுக் கையெழுத்துப் போட்டே?"

எப்சி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உபதேசியார் இறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மாமனார் என்ன சொன்னார் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாஸ்டர் கேட்டபோது தேவானந்தம் வேறொன்றைச் சொன்னான். பிறகு அது அச்சாகி, சட்டமாகி, சுவரேறிவிட்டது. எப்சி எத்தனையோ விஷயத்துக்கு அவனை வார்த்தையால் உரித்திருக்கிறாள். இதை மட்டும் தொட்டதே இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவன், போகட்டும் என்று விட்டிருந்தாள். இப்போது அதையே எடுத்து மகளை அடிக்க வந்தால் அவள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"மாமா அப்படிச் சொல்லல பிரதர்," என்றாள். "'வேர்க்குதும்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை'ன்னாங்க. நான்தான் எழுந்து போய் வெச்சேன். திரும்பிப் பார்த்தா மூச்சு இல்ல."

ஏசுபாதம் தேவானந்தத்தைப் பார்த்தார்.

"ஆமா பிரதர்," என்றான் தேவானந்தம்.

ஏசுபாதம் அந்த இடத்தில் பேசாமல் எழுந்து போயிருந்தால் அவருக்கும் மரியாதை, அவர் ஐக்கியத்துக்கும் மரியாதை. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சோதனை. அதை அவர் மாணிக்கம் உபதேசியார் மேலும் போட்டுப் பார்த்தார்.

"அப்படின்னா முடிவு சரியில்லையே பிரதர். கடைசி நேரத்துல ரட்சிப்பின் நிச்சயம் இருந்துச்சான்னு நாம சொல்ல முடியாதே. அந்த ஃப்ரேமை இறக்கிடுங்க. நானும் இனிமே சாட்சியாச் சொல்ல மாட்டேன்."

தேவானந்தம் தலையைத் தூக்கினான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எப்சி பார்க்காத ஒரு முகம் அது.

"எங்கப்பாவையா இறக்கச் சொல்றீங்க?" என்றான். "அனகாபுத்தூர்ல ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்த வருஷமெல்லாம், இடுப்பளவு தண்ணியில அரிசி மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போனவரு. எந்தச் சாமி கும்பிடுறேன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல. ரிட்டயர் ஆகுற வரைக்கும் சைக்கிள்தான். அவரைக் கடைசிப் பக்கத்தை வெச்சா பார்ப்பீங்க?"

"பிரதர், நான் சொல்ல வர்றது…"

"வேர்த்துச்சு. ஃபேன் கேட்டாரு. வேர்த்தா மனுஷன் வேற என்ன கேப்பான்?" அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். "நீங்க கிளம்புங்க பிரதர்."

ஏசுபாதம் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். தோற்றுப்போனால் அவர் எப்போதும் சொல்வது அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். எலியேசர் மட்டும் வாசலில் கொஞ்சம் தயங்கி, கெசியாவிடம் குனிந்து, "அந்த பெர்க்கின்ஸ் புக்கைப் படிச்சு முடிச்சிட்டியாம்மா? எங்க வீட்டுப் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார்.

"முதல்ல உங்க செக் புக்கைப் பூட்டி வெச்சுட்டு வாங்க," என்று எப்சி கதவைச் சாத்தினாள்.

பிறகு கெசியாவுக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. கள்ளக் கையெழுத்து கள்ளக் கையெழுத்துதான், எந்தப் புத்தகத்துக்காகப் போட்டாலும். நாளைக்கே முறுக்கு கொடுத்த அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் எப்சி. கெசியா தலையாட்டினாள். "ஜூன்ல நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போறோம்," என்று அதே மூச்சில் புருஷனிடமும் சொன்னாள். அவன் சரி என்றான். இந்தத் தடவை அதற்குப் பிறகு பேசுவதற்கு வேறு ஆள் இல்லை.

அவன் அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அழுதிருந்தான். கெசியா படித்து முடித்து மடியில் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து, பிரதரைப் பார்த்த பழக்க தோஷத்தில் பின்னட்டையைத் திறக்கப் போனான்.

"முன்னாடியிலேர்ந்து," என்றாள் எப்சி.

அவன் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தான். திறக்கவில்லை. மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "அந்தம்மாவுக்குக் காபி குடுத்தாங்களா?"

கெசியா அம்மாவைப் பார்த்தாள். எப்சி இன்றைக்கு மட்டும் சொல்லு என்பது போலத் தலையசைத்தாள்.

"குடுத்தாங்கப்பா. குடிச்சிட்டு, சர்க்கரை ஜாஸ்தின்னு நர்ஸைத் திட்டிட்டுத்தான் செத்தாங்க."